ஏழு கற்களும் எண்ணெய்க் கப்பலும்

சமுத்திரத்தில் எண்ணெய் சிந்தினால் இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இன்று கடலோர நாடுகளில் ஒரு சாதாரண நிர்வாகக் காரியமாகத் தோன்றினாலும், அதற்கு வயது ஏறக்குறைய அறுபதுதான். அதற்குக் காரணமாயிருந்தது, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், லாண்ட்ஸ் எண்டு முனைக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையே கிடக்கும் ‘செவன் ஸ்டோன்ஸ்’ (ஏழு கற்கள்) என்னும் பாறைத்தொடர்.

1967 மார்ச் 18ஆம் தேதி காலையில், குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெயுடன் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனை நோக்கி வந்துகொண்டிருந்த ‘டோரி கேன்யன்’ என்னும் கப்பல், அன்றைய கடலேற்றத்தைத் தவறவிட்டால் துறைமுகத்துக்குள் நுழையப் பல நாள் காத்திருக்க நேருமே என்ற அவசரத்தில் குறுக்கு வழி பிடித்து, நல்ல பகல் வெளிச்சத்திலேயே அந்தப் பாறையில் ஏறிச் சிக்கிக்கொண்டது. கப்பலின் கொடி லைபீரியாவுடையது, உடைமை அமெரிக்கருடையது, வாடகைக்கு எடுத்தது பிரிட்டிஷ் கம்பெனி, தலைவர் இத்தாலியர், மோதிய இடமோ எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடல். அதன்மேல் கைவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே தெளிவாக இல்லாதபோது, உபாயத்தைப் பற்றிச் சொல்வானேன்?

கப்பலை மீட்க வந்த டச்சுக் குழுவின் தலைவர் வெடிவிபத்தொன்றில் உயிரிழந்தார். ஒரு வாரம் கழித்துக் கப்பல் பிளந்ததும், பிரதமர் ஹாரல்ட் வில்சனின் அரசாங்கம், எஞ்சிய எண்ணெயை எரித்துவிடத் தீர்மானித்து, விமானங்களை ஏவி வெடிகுண்டுகளையும் நேபாமையும் மூன்று நாள் பொழியச் செய்தது. அசையாமல் கிடந்த கப்பலுக்குக் குறிவைத்தும் கணிசமான குண்டுகள் தவறின என்பதை அந்நாளைய ஏளனக்காரர்கள் சும்மா விடவில்லை.

ஆயினும் பெரிய அனர்த்தம் குண்டுகளால் நேர்ந்ததன்று, பரிகாரமென்று கருதிச் செய்த காரியத்தால் நேர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் தொழிற்சாலைச் சலவைத் திரவங்களைச் சுமார் 10,000 டன் அளவுக்குக் கடலிலும் கார்ன்வால் கரையிலும் கொட்டினார்கள். பிளிமத் நகரத்துக் கடலுயிர் ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, எண்ணெயைக் காட்டிலும் அத்திரவமே கொடிய விஷமென்று தெரியவந்தது: பாறையோடு ஒட்டிக்கொண்டு பாசியை மேய்ந்து வாழும் நத்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன, மேய்வாரற்ற பாறைகளைப் பச்சைப் பாசி போர்வையாக மூடிக்கொண்டது. காட்ரெவி என்னும் முனையில் மட்டும், அங்கு வாழ்ந்த கடல்நாய்களை உத்தேசித்துத் திரவம் தெளிக்காமல் விட்டார்கள். அங்கே நத்தைகள் பிழைத்து, எண்ணெய் படிந்த பாறையை மேய்ந்தே சுத்தமாக்க, அந்தக் கரை இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறிற்று. திரவம் மிகுதியாகக் கொட்டிய கரைகளுக்குப் பத்தாண்டுக்கு மேலும் ஆயிற்று. எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யாதிருப்பது என்பதையும் அமைதியான காலத்திலேயே யோசித்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

டோரி கேன்யன் விபத்துக்கு மறு ஆண்டே, எண்ணெய்ச் சிந்தலைச் சமாளிக்க அமெரிக்கா தன் முதல் தேசியத் திட்டத்தை வகுத்தது. தன் எல்லைக்கு வெளியே விபத்துக்குள்ளான கப்பல்மீதும் கரை நாடு நடவடிக்கை எடுக்கலாம் என்ற உடன்படிக்கை 1969இல் பிறந்தது. அலாஸ்காவில் 1989இல் ‘எக்ஸான் வால்டீஸ்’ கப்பல் பாறையில் மோதிய பிறகே, இத்தகைய திட்டங்களை எல்லா நாடுகளும் வைத்திருக்க வேண்டுமென 1990இல் உலக ஒப்பந்தம் உருவாயிற்று. எண்ணெயல்லாத அபாயகரமான இரசாயனங்களுக்கு 2000ஆம் ஆண்டில்தான் முறை வந்தது.

இந்தியத் திட்டம் 1996இல் வெளியாகிப் பொறுப்பு கடலோரக் காவற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கரையைச் சுத்தம் செய்வது மாநிலங்களின் கடமை. திட்டம் இருந்தும், 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது, கசிவேதுமில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. ஆனால் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் கரும் சேறாக ஒதுங்கி, உறிஞ்சு இயந்திரங்களுக்கு மசியாதுபோகவே, மீனவரும் மாணவரும் காவற்படையினரும் நாள்கணக்கில் வாளிகளால் அள்ளினார்கள். அள்ளியதைத் துறைமுக வளாகத்தில் குழிவெட்டிக் கொட்டி, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களிடம் விடவேண்டியதாயிற்று.