பசிக்கு நேரம் பார்க்காத மேசை

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்றதும் உங்களில் பலருக்குத் திருமுருகன் கோயில் நினைவுக்கு வரும். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், 1660இல் ஒட்டாவா ஆற்றங்கரைச் சண்டையொன்றில் இறந்த பிரெஞ்சு இளைஞனின் பெயரைத் தாங்கிய நகரம் அது. அங்கே காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் பிரெஞ்சுப் பாணி பிஸ்ட்ரோ ஒன்றுக்கு, இரவு வேலை முடிந்த ஒரு காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது வெள்ளையளின்ர இடமெல்லோ பிள்ளை, எங்களுக்கு என்னத்துக்கு?"

எண்பதுகளில் மொன்றியலுக்கு வந்து, இப்படியான உணவகங்களில் 12 வருடம் கோப்பை கழுவியவர் அவர். பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தவர். அவருடைய கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறதா என்று தேடியதுதான் இன்றைய பேச்சு.

'ரெஸ்டோரன்ட்' என்ற சொல் உணவகத்தைக் குறிக்கும் முன்னர் ஒரு சூப்பைக் குறித்தது. இறைச்சியை நெடுநேரம் காய்ச்சி எடுத்த சாறு அது. இழந்த பலத்தை மீட்டுத் தருவது என்பது சொல்லின் பொருள். காய்ச்சல்காரருக்கு எங்கள் அம்மாமார் வைத்துக் கொடுத்த கோழிச்சாறு போலத்தான். பாரிஸில் இந்தச் சாற்றை விற்கும் கடைகள் 1760களில் வந்தன. 1766 அளவில் மாத்துரின் ரோஸ் த ஷாந்துவாஸோ என்பவர் திறந்த கடையே முதலாவது என்கிறார் வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங்.

அதற்கு முன்னர் சத்திரங்களில் குறித்த நேரத்தில் பொது மேசையில் அமர்ந்து, வைத்ததை எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். புதிய கடையிலோ தனி மேசை இருந்தது. விரும்பியதை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். நான் தாதி என்பதால் இதன் காரணம் எனக்குச் சட்டென்று விளங்கியது. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் நோயாளி, மூன்று மணிக்குக் கொஞ்சம் சூப் கேட்பார். பலவீனமானவரின் பசி மணி பார்த்து வருவதில்லை. நாள் முழுவதும் பரிமாறும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

பிஸ்ட்ரோவின் கதை வேறு. 1814இல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யச் சிப்பாய்கள் "பிஸ்த்ரோ", அதாவது "கெதியாக" என்று கத்தியதால் வந்த பெயர் என்பார்கள். ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படுவது 1880களில்தான்; மொழியறிஞர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை. அந்தச் சிறு கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் யார் என்பது நிச்சயமாகத் தெரியும். ஓவேர்ன் மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்தவர்கள். தண்ணீர் சுமந்தார்கள், நிலக்கரி விற்றார்கள், அதே கடையின் மறுபக்கத்தில் வைனும் விற்றார்கள்.

பிராசெரியும் அப்படித்தான். 1871இல் அல்சாஸ் பிரதேசம் ஜெர்மனியின் கைக்குப் போக, ஊரைவிட்டு வந்த பலரில் சிலர் பாரிஸில் பியர்க்கடைகள் திறந்தார்கள். புகழ்பெற்ற லிப் பிராசெரியை 1880இல் தொடங்கியவரும் ஓர் அல்சாஸ்காரரே. லே ஆல் சந்தையில் விடியமுன் மூட்டை சுமந்தவர்களுக்கு அங்கேயிருந்த கடைகள் சுடச்சுட வெங்காய சூப் கொடுத்தன. 1969இல் சந்தை ரன்ஜிஸ் நகருக்கு மாறியது; சூப் உலகமெங்கும் பரவியது.

1983க்குப் பின்னர் பாரிஸ் வந்த எம்மவர் பலர், அதே சமையலறைகளில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராகவும் உயர்ந்தார்கள். பிரெஞ்சுச் சாப்பாடு என்று நாங்கள் ஒதுங்கி நின்று பார்ப்பது, ஊரைவிட்டு வந்தவர்களின் உழைப்பில் நின்ற மேசை. இரவு வேலை முடித்தவளுக்கும், கோப்பை கழுவிய கைக்கும் அதில் இடமுண்டு.

இவ்வளவையும் அன்று வாசலில் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் யன்னலோர மேசையில் இருத்தினேன். எனக்கு அது இரவுச் சாப்பாடு, அவருக்குக் காலைச் சாப்பாடு. இரண்டு வெங்காய சூப் சொன்னேன். பாணும் சீஸும் மிதந்த கோப்பை வந்தது. அப்பா உடனே சாப்பிடவில்லை. கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆரோ வடிவாக் கழுவியிருக்கிறான்" என்றார். பிறகு சாப்பிடத் தொடங்கினார்.