ஒரு பொம்மை, ஒரு கை... தடை செய்யப்பட்ட 18 நிமிடங்கள்!

பொம்மைப் படம் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் வெறும் 18 நிமிடம் ஓடும் ஒரு பொம்மைப் படத்துக்கு ஒரு அரசாங்கமே பயந்திருக்கிறது! செக்கோஸ்லோவாக்கியாவில் 1965ல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'கை'. எடுத்தவர் யிர்ஜி டிரன்கா.

1912ல் பில்சன் நகரில் பிறந்தவர் டிரன்கா. ஓவியர், பொம்மைக் கலைஞர். 1945ல் அந்நாட்டுத் திரைப்படத் துறை அரசுடைமையானது. 1948ல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்தது. டிரன்கா எடுத்த படங்களுக்கெல்லாம் படியளந்தது அரசாங்கம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குள் போவோம்.

ஒரே ஒரு அறை. அதில் ஒரு சின்ன கோமாளிப் பொம்மை. அவன் ஒரு குயவன். தான் வளர்க்கும் ஒரு பூச்செடிக்காகத் தொட்டி செய்வதுதான் அவனுக்கு சந்தோஷம். ஒரு நாள் கையுறை போட்ட ஒரு ராட்சதக் கை உள்ளே வருகிறது. "தொட்டி வேண்டாம், என்னைச் சிலையாகச் செய்" என்று சைகையில் கேட்கிறது. அவன் மறுக்கிறான். பணம் தருகிறது. தொலைபேசியில் அழைக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்து கையின் பெருமைகளைக் காட்டுகிறது. மயக்கிப் பார்க்கிறது. எதற்கும் அவன் மசியவில்லை. கடைசியில் பலாத்காரம்தான்!

இங்கேதான் டிரன்காவின் சாமர்த்தியம். நம்ம ஊர் பொம்மலாட்டத்தில் பொம்மைக்குக் கயிறு உண்டு. ஸ்டாப் மோஷனில் கயிறே கிடையாது. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம் பிடிப்பார்கள். அதனால் குயவன் தானே நடக்கிறான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். கை அவனைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, உடம்பில் கயிறு கட்டி ஆட்டும்போதுதான் திடுக்கிடுகிறது. அதுவரை சுதந்திர மனிதனாக இருந்தவன் அப்போதுதான் பொம்மையாகிறான்!

இன்னொன்று, அந்தப் பொம்மையின் முகம் படம் முழுக்க மாறுவதே இல்லை. வெளிச்சமும் கேமரா கோணமும்தான் அவன் பயத்தையும் துக்கத்தையும் காட்டுகின்றன. எதிரே இருப்பதோ ரத்தமும் சதையுமான நிஜ மனிதக் கை. படத்தில் ஒரு வசனம் கிடையாது. எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. ஆனாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

காரணம், அந்நாட்டு மக்கள் இதை நேரிலேயே பார்த்தவர்கள். பிராக் நகரில் 15 மீட்டருக்கும் மேல் உயரமான ஸ்டாலின் சிலை 1955ல் திறக்கப்பட்டது. அதைச் செய்த சிற்பி ஒட்டகார் ஷ்வெட்ஸ் திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே தற்கொலை செய்துகொண்டார். 1962ல் அந்தச் சிலையை வெடி வைத்துத் தகர்த்ததும் அதே கட்சியின் ஆட்சிதான்.

கதைக்கு வருவோம். குயவன் தப்பி வீட்டுக்கு ஓடி வருகிறான். கை மறுபடி வந்துவிடுமோ என்று பயந்து கதவு ஜன்னல்களை ஆணி அடித்து மூடுகிறான். அப்போது மேலே இருந்த அவனுடைய சொந்தப் பூந்தொட்டியே தலையில் விழுந்து இறந்துபோகிறான். உடனே அதே கை வந்து, பதக்கங்கள் வைத்து, சகல மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துகிறது! உயிரோடு இருந்தவரை அடங்காதவன், செத்த பிறகு அரசாங்கத்தின் கலைஞன் ஆகிவிட்டான். படத்தின் மொத்த நையாண்டியும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

இதைவிட அதிர்ச்சி நிஜத்தில் நடந்ததுதான். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக்குக்குள் நுழைந்தன. 1969 டிசம்பர் 30 அன்று, 57 வயதில் டிரன்கா காலமானார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் 'கை' படத்தின் பிரதிகளைப் பறிமுதல் செய்து தடை போட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

'கை'தான் டிரன்காவின் கடைசிப் படம். அதன் கடைசிக் காட்சியை மட்டும் அரசாங்கமே நிஜத்தில் நடித்துக் காட்டிவிட்டது.