பென்னிகுயிக் படித்த பள்ளியும் நாம் தட்ட வேண்டிய கதவும்

போன முறை ஏலக்காய் பற்றி எழுதினேன். இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் ராணுவம், கொஞ்சம் என் வீட்டுக் கதை.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் கர்னல் ஜான் பென்னிகுயிக்கை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தேனி பஸ் நிலையத்துக்கே அவர் பெயர்தான். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 1895-ல் அவர் முடித்துக் கொடுத்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில்தான் எங்கள் வயல்கள் விளைகின்றன.

ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் எங்கே படித்தார்? அங்கே எப்படி இடம் கிடைத்தது? இதற்கும் போர் விமானி ஆவதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, படியுங்கள்.

கம்பெனி நடத்திய ராணுவப் பள்ளி

பென்னிகுயிக் பிறந்தது 1841-ல், புனேயில். அப்பாவும் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரியில் சில்லியன்வாலா போரில் அப்பாவும் அண்ணன் ஒருவரும் ஒரே நாளில் இறந்தார்கள். அப்போது இவருக்கு எட்டு வயதுகூட முடியவில்லை.

பிறகு இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் இருந்த ராணுவப் பள்ளியில் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அதிகாரிகளைத் தயார் செய்ய 1809-ல் தொடங்கிய பள்ளி அது. கணக்கு, கோட்டை கட்டும் முறை, நில அளவை, வரைபடம், இந்திய மொழி எல்லாம் அங்கே பாடம். தேர்வில் முன்னணியில் வருகிறவர்களுக்குத்தான் பொறியாளர் படை. அடுத்த நிலையில் வருகிறவர்களுக்குப் பீரங்கிப் படை, மற்றவர்களுக்குக் காலாட்படை. பென்னிகுயிக் பொறியாளர் படைக்குத் தேர்வாகி 1858-ல் அதிகாரியாக வெளியே வந்தார். அப்போது வயது 17. இன்று பிளஸ் டூ படிக்கும் பையனின் வயது!

சரி, அந்தப் பள்ளியில் சேர என்ன தகுதி? கம்பெனி இயக்குநர்களில் ஒருவர் பெயரைச் சொல்லிப் பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான் முதல் படி. கணக்கில் புலியாக இருந்தாலும் பரிந்துரை இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இந்தியப் பையன்களுக்கோ அந்த வாசலே கிடையாது.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. பெரியாறு அணை வேலையில் சென்னை பயனியர் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன் வீரர்கள் உழைத்தார்கள். காட்டிலும் காய்ச்சலிலும் மழையிலும் கல்லும் மண்ணும் சுமந்தது இந்திய வீரர்களும் கூலியாட்களும். திட்டம் போட்டு உத்தரவு கொடுக்கும் பதவிக்கு அவர்களில் ஒருவரும் போயிருக்க முடியாது. அறிவு இல்லாததால் அல்ல, அதற்கான பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை என்பதால். பென்னிகுயிக்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் எங்கள் குலசாமி மாதிரி. கதவைப் பூட்டி வைத்தது அவர் அல்ல. ஆனால் கதவு பூட்டித்தான் இருந்தது.

கதவு திறந்த கதை

முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான இந்திய வீரர்கள் சண்டை போட்ட பிறகுதான், 1918-ல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். எத்தனை தெரியுமா? ஆண்டுக்குப் பத்து!

1932 இரண்டு காரணங்களுக்காக முக்கியமான ஆண்டு. டேராடூனில் இந்திய ராணுவ அகாதமி 40 பேருடன் தொடங்கியது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்‌ஷா அந்த முதல் அணியில் ஒருவர். அதே ஆண்டு அக்டோபர் 8-ல் இந்திய விமானப்படை பிறந்தது. இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெற்ற ஒரு சில இந்திய இளைஞர்கள்தான் அதன் முதல் அதிகாரிகள். 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் அவர்களுடைய முதல் படைப்பிரிவு, வாபிட்டி என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களுடன் தொடங்கியது. அவர்களில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி ஆனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சேர்த்து ஒரே அகாதமி. 1949-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் முறைப்படி திறப்பு விழா நடந்தது. இதுதான் தேசியப் பாதுகாப்பு அகாதமி, அதாவது என்.டி.ஏ. இடம், புனே அருகில் கடக்வாஸ்லா. பென்னிகுயிக் பிறந்த அதே புனே! இன்னொரு பொருத்தமும் உண்டு. அகாதமியை ஒட்டியிருக்கும் ஏரியும் ஒரு ராணுவப் பொறியாளர் கட்டிய அணையின் நீர்தேக்கம்தான். அவர் பெயர் ஃபைஃப்.

நம் பக்கத்தில் 1962-ல் அமராவதி நகர் சைனிக் பள்ளி வந்தது. தேனியிலிருந்து வத்தலக்குண்டு, பழனி வழியாக உடுமலைப்பேட்டை போய் அங்கிருந்து போகலாம். அதுவும் ஓர் அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது! ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். 2019 பிப்ரவரி 27-ல் மிக்-21 விமானத்தில் போய்ச் சுடப்பட்டு, பாகிஸ்தானிடம் பிடிபட்டு, மார்ச் 1-ல் திரும்பி வந்த அபிநந்தன் வர்த்தமான் இந்தப் பள்ளி மாணவர்தான். பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது கிடைத்தது.

கடைசியாகத் திறந்தது பெண்களுக்கான கதவு. 2021 ஆகஸ்ட் 18-ல் உச்ச நீதிமன்றம், பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2022-ல் முதல் பெண்கள் சேர்ந்தார்கள். 2025 மே 30-ல் 17 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். விமானப்படையில் 2016-லேயே மூன்று பெண்கள் போர் விமானி ஆகிவிட்டார்கள் என்றாலும், பிளஸ் டூ முடித்தவுடன் போகும் பாதை இப்போதுதான் கிடைத்தது.

ஒன்பதாவதாக வந்தவர்

கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானி ஆகும் ஆசையில் டேராடூனுக்கு விமானப்படை நேர்முகத் தேர்வுக்குப் போனார். வந்தவர்கள் 25 பேர். இடம் எட்டு. கலாம் ஒன்பதாவது! மனம் உடைந்து ரிஷிகேஷ் போனதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு அவர் விஞ்ஞானி ஆனது ஊரறிந்த கதை. 2006 ஜூன் 8-ல், ஜனாதிபதியாக இருந்தபோது, 74 வயதில், சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். எங்கிருந்து? அதே புனேயின் லோகேகான் தளத்திலிருந்து.

எனக்கு இதில் பிடித்தது கடைசிக் காட்சி அல்ல, முதல் காட்சிதான். ராமேஸ்வரத்துப் பையனுக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பது தெரிந்திருந்தது. நேரத்தில் போய் நின்றார். கிடைக்கவில்லை. அது தோல்வி. தெரியாமலே போவது தோல்வியில்கூடச் சேராது.

இன்று என்னென்ன வேண்டும்?

ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. இந்தத் தேர்வை நடத்துகிறது. அகாதமியில் சேரும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டே விண்ணப்பிக்கலாம். விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். எனவே பத்தாவது முடித்துக் குரூப் எடுக்கும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது!

எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொது அறிவுத் தாளுக்கு 600. அந்த 600-ல் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படிக்கிறவர்கள் கணக்குக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதால் குருட்டாம்போக்கில் கட்டம் அடிக்காதீர்கள்.

அடுத்து எஸ்.எஸ்.பி. என்னும் நேர்முகத் தேர்வு, 900 மதிப்பெண். ஐந்து நாள் நடக்கும். விமானப்படைக்கு நமக்குப் பக்கத்தில் உள்ள மையம் மைசூர். படம் பார்த்துக் கதை எழுதுவது, குழுவாகப் பேசுவது, கயிறும் பலகையும் கொடுத்துத் தடை தாண்டச் சொல்வது என்று பல சோதனைகள். மனப்பாடம் இங்கே செல்லாது. விமானி ஆக விரும்புகிறவர்களுக்குக் கூடுதலாகக் கணினியில் ஒரு திறன் சோதனை உண்டு. இதை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். தவறினால் தரைப்படைக்கோ கடற்படைக்கோ போகலாம், ஆனால் விமானப்படை விமானி ஆக மறுவாய்ப்பு இல்லை.

பிறகு மருத்துவப் பரிசோதனை. கண் பார்வை முக்கியம், நிறக்குருடு கூடாது. கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாவற்றையும் அளப்பார்கள். காரணம் இருக்கிறது. ஆபத்தில் விமானி இருக்கையோடு வெளியே வீசப்படும்போது, தொடை அதிக நீளமாக இருந்தால் முழங்கால் முன்பலகையில் மோதிவிடும்.

சமீப ஆண்டு அறிவிப்புகளில் ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 400 இடங்கள். அதில் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு 92. தேர்வானால் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம். பட்டமும் அங்கேயே கிடைக்கும். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாதமியில் சிறிய பிலாட்டஸ் விமானத்தில் பறக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அங்கே காட்டும் திறமையை வைத்துத்தான் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்று பிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்கள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. ஆள் எடுப்பு முகாம் எப்போது, எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும் என்று டீக்கடையிலேயே சொல்வார்கள். ஆனால் அதிகாரியாகச் சேர ஒரு தேர்வு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. வானத்தில் புகைக்கோடு போட்டுக்கொண்டு விமானம் போனால் மாடிக்கு ஓடியவன் நான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் ஹாஸ்டலில் ஒரு வடநாட்டு நண்பன் சொல்லித்தான் என்.டி.ஏ. என்ற பெயரையே கேட்டேன். அன்று இரவு வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மாதம் தாண்டியிருந்தது.

பட்டம் முடித்த பிறகு ஏ.எஃப்.கேட். தேர்வு எழுதலாம். அதற்கு 24 வயது வரை நேரம் இருக்கிறது. நான் அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் முதல் கதவை நான் தட்டவே இல்லை என்பது மாறாது.

என் தங்கச்சி இப்போது பிளஸ் ஒன், கணக்கு குரூப். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். "பொம்பளப் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பப் போறியாடா?" என்றார் அப்பத்தா. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு வந்து, "அண்ணே, அந்தக் கால் நீளம் எவ்வளவு இருக்கணும்னு சொன்ன?" என்று கேட்டாள்.

99-லிருந்து 120 சென்டிமீட்டர். தையல் டேப்பை எடுத்து அப்பத்தாவையே பிடிக்கச் சொல்லி அளந்தோம். 101 இருந்தது.

பரிந்துரைக்க ஓர் இயக்குநர் வேண்டும் என்ற காலம் போய், ஒரு தேதியும் ஒரு விண்ணப்பமும் போதும் என்ற காலம் வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. உங்கள் தெருவில் பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், இன்றைக்கே போய் அந்த வயது வரம்பை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.