காணாமற்போன மாலுமியும் மூன்றரை அடிச் சுவரும்

கடலில் காணாமற்போன மாலுமிக்காக இழப்பீடு கேட்கும் குடும்பம், சாவு எப்படி நேர்ந்தது என்பதைத் தானே மெய்ப்பிக்க வேண்டும். இயலாவிட்டால் வழக்கு தோற்கும். மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இதுவே என்று உரைகாரர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் எழுதிவருகிறார்கள். தீர்ப்பை அதன் முன்னோடிகளோடு சேர்த்துப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது என்று கருதுகிறேன். மேல்முறையீட்டின் எல்லையைச் சொன்ன தீர்ப்பு, வழிவழியாக எடுத்தாளப்பட்டு, மெய்ப்பிப்புச் சுமையின் விதியாக உருமாறிவிட்டது.

வழக்கின் தரவுகள் பெரும்பாலும் கப்பலின் பதிவேடுகளிலிருந்து வந்தவை. 1961 டிசம்பர் 13 அன்று 'துவாரகா' கப்பலின் மேல்தளத் தொழிலாளி ஒருவர் நெஞ்சுவலி என்கிறார். மருத்துவர் மாத்திரை தருகிறார். 15-ஆம் தேதி மீண்டும் வலி, தூக்கமுமில்லை. இம்முறை தூக்க மருந்து. 16-ஆம் தேதி பின்னிரவு 2.30 மணிக்கு பிரிட்ஜ் அருகே நின்றவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். 3 மணிக்கு இடைத்தளத்தில், படுக்கப் போவதாகப் பணியிலிருந்த மாலுமியிடம் சொல்கிறார். 6.15-க்கு ஆளைக் காணவில்லை. 7.35-க்கு, ஆற்றில் இருக்கக்கூடும், பிற கப்பல்கள் கவனிக்க வேண்டும் என்று கேப்டன் வானொலியில் செய்தி அனுப்புகிறார். உடல் கிடைக்கவேயில்லை.

காணாமற்போனவரின் தந்தை தொடுத்த மனுவை விசாரித்த தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் கப்பலுக்கே போய்ப் பார்த்தார். தளத்தின் பக்கச்சுவர் மூன்றரை அடிக்கு மேல், அன்றிரவு புயலுமில்லை. தவறி விழுந்தார் என்று கொள்ள ஆதாரமில்லை என்று மனுவைத் தள்ளினார். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மாற்றி இழப்பீடு அளித்தது. உச்ச நீதிமன்றம் ஆணையரின் முடிவையே மீட்டது.

இங்கே அந்தச் சுவரின் உயரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் துணைக்கு அழைத்த 1915-ஆம் ஆண்டின் கெர் வழக்கிலும் ஒரு பக்கச்சுவர் வருகிறது: மூன்று அடி ஐந்து அங்குலம். துறைமுகத்தில் நின்ற கப்பலில் படுத்திருந்த பணியாளரிடம், ஆட்களுக்குத் தேநீர் போடும்படி கேப்டன் சொல்கிறார். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. மறுநாள் உள்ளாடை மட்டும் அணிந்த உடல் கப்பலருகே நீரில் கிடக்கிறது. விழுந்ததைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அங்கே நடுவர் இழப்பீடு வழங்கினார். பிரிட்டனின் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை அதை நிலைநிறுத்தியது. நியாயமாகச் சிந்திப்பவர் எட்டக்கூடிய முடிவுதான் அது, வேறு முடிவுக்கும் இடமிருந்தது என்பதற்காக அதைக் கலைக்கலாகாது என்பதே காரணம்.

ஏறத்தாழ ஒரே உயரமுள்ள இரண்டு சுவர்கள், முடிவுகளோ நேரெதிர். இரண்டையும் இணைக்கும் கோட்பாடு ஒன்றுதான்: தரவுகளிலிருந்து ஊகம் கொள்ளும் உரிமை முதலில் விசாரித்தவருக்கு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் சட்டம் பற்றிய முக்கிய வினா எழுந்தாலன்றி மேல்முறையீட்டை அனுமதிக்கவில்லை. அன்று ஆணையர் தந்தையின் பக்கம் தீர்த்திருந்தால், இதே தர்க்கம் அந்த முடிவையும் காத்திருக்கும் என்பதை உரைகாரர்கள் எழுதுவதில்லை.

சுமை மனுதாரருடையது என்ற வாக்கியம் தீர்ப்பில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கூடவே, நேரடிச் சாட்சியம் தேவையில்லை, சூழ்நிலைகளிலிருந்து எழும் நியாயமான ஊகம் போதும் என்றும் இருக்கிறது. எடுத்தாள்பவர்கள் முதற்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தற்கொலையாக இருக்கலாமே என்ற எதிர்வாதம் நெஞ்சுவலியையும் தூக்கமின்மையையும் பிடித்துத் தொங்குகிறது. 1912-இன் 'ஸ்வான்சி வேல்' வழக்கில் காணாமற்போனவர் தலைவலி, தலைசுற்றல் என்று சொல்லியிருந்ததே தவறி விழுந்தார் என்ற ஊகத்துக்கு வலுச் சேர்த்தது. தூக்க மருந்து கொடுக்கப்பட்டவர் பின்னிரவில் தளத்தில் தடுமாறியிருப்பார் என்பது அதைவிடத் தொலைவான ஊகமா என்ன?

தொழிற்சாலைத் தொழிலாளியின் நிலை வேறு. வேலையின்போது நேர்ந்த விபத்து, மாறான சாட்சியம் இல்லாவிட்டால், வேலையின் காரணமாகவே நேர்ந்தது என்று கொள்ளச் சொன்னது ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் 51-அ பிரிவு. 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது அது. நாடாளுமன்றம் மாலுமிக்கு அதைத் தராதது திட்டமிட்டதே என்ற வாதம் பலவீனமானது. ஒரு சட்டத்தைத் திருத்தியவர்களின் மௌனத்தை இன்னொரு சட்டத்தின் பொருளாக்க முடியாது. எனினும் அனுமானப் பிரிவு இல்லாத நிலையில் மாலுமிக்கு எஞ்சுவது ஆணையரின் ஊகம் ஒன்றே. மெக்கின்னன் மெக்கன்சியின் பெயரை எழுதி மனுவை மூடும் ஆணையர், அத்தீர்ப்பு தமக்கு விட்டுவைத்த அந்த வேலையைத்தான் செய்யாமல் விடுகிறார். 'துவாரகா' வழக்கின் ஆணையர் கப்பலேறிப் போய்ச் சுவரையாவது பார்த்தார்.