கண்டமாலையும் லயக் காம்பராவும்

கண்டம் என்றால் கழுத்து. கழுத்தைச் சுற்றிக் கட்டிகள் மாலைபோல் எழும்பும் நோய்க்கு நம் சித்த வைத்தியர்கள் ‘கண்டமாலை’ என்று பெயரிட்டனர். இங்கிலாந்தில் மன்னர் தொட்டால் அது குணமாகும் என நம்பினார்கள். பிற்காலத்தில் அகராதி தந்த சாமுவேல் ஜான்சனையும் குழந்தைப் பருவத்தில், 1712இல், ஆன் அரசியிடம் கொண்டுபோய்த் தொடவைத்தனர். பலனில்லை என்பது வேறு விஷயம்.

கட்டி உடைந்து சீழ் வடிந்தால் பார்ப்பவர் அதைத் தோல்நோய் என்றே எண்ணுவர். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரே உண்மை துலங்கியது. நிணநீர்க் கணுவிலோ எலும்பிலோ தங்கிய காசம்தான் தோலைத் துளைத்து வெளிவருகிறது. நுரையீரலிலும் அதே கிருமி இருக்கக்கூடும். சிலவேளை எதிர்த்திசையிலும் நிகழும்: கைகாலில் பட்ட காயத்தின் வழியே கிருமி புகுந்து, தோல் மருபோல் தடிக்கும்.

இலங்கை மலையகத்துக்கு ஆள் ஏற்றியவர்கள் நோயை வாசலிலேயே மறிக்கலாம் என்று கருதினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் முகாமில் தொழிலாளரைச் சில நாள் தங்கவைத்துச் சோதித்தார்கள். வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் அந்தக் காவல் பொருந்தும். காசமோ ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் உறங்கவல்லது. சில நாள் காவலில் அது எப்படி அகப்படும்?

உறங்கியதை எழுப்பத் தோட்டத்தில் எல்லாமே இருந்தன. தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இலேயே, கோப்பிக் காலத்தில், சட்டம் வந்துவிட்டது. ஆனால் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் குடும்பங்கள் வாழ்ந்தது சுமார் 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில். அடுப்பும் படுக்கையும் அங்கேயே. மலைக்குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டால் ஒருவர் இருமும் காற்றைத்தான் அனைவரும் சுவாசிக்கவேண்டும். அரைவயிற்றுச் சாப்பாடு வேறு. குழந்தையின் கழுத்தில் பின்னர் கட்டி உடையும்போது களிம்பு மட்டும் பூசினால் என்ன பயன்?

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் ஒரு முடிவை வெளியிட்டது. நுரையீரல் காசத்துக்கு வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரேயளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் தொற்று மிகவுமில்லை. நாட்சம்பளத்தை நம்பிய குடும்பத்துக்கு இது சாதாரணச் செய்தியன்று.

இன்று தோல் காசத்துக்கும் நுரையீரலுக்குரிய அதே மாத்திரைகள்தாம், வழக்கமாக ஆறு மாதம். கழுத்துப் புண்ணோடு வருபவருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். உடன் வசிப்போரையும் பரிசோதிக்கிறார்கள்.