ஒரு கப் டீயும் ரெண்டு மணி நேரச் சாப்பாடும்

போன ஞாயிறு எங்க வீட்டு அடுப்புக்கு லீவு. ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். சிங்ககட், சனிவார்வாடா எல்லாம் சுத்திக் காட்டியாச்சு. "ஒரு நல்ல மராட்டிச் சாப்பாடு வாங்கிக் குடுக்கலாமே" என்று தங்கமணி சொல்ல, கொஞ்சம் காஸ்ட்லியான ஒரு தாலி ரெஸ்டாரண்டுக்குப் போனோம்.

பெரிய தட்டு, சுத்திலும் கிண்ணங்கள். ஆம்டி, கோஷிம்பீர், ஆளு வடி, மசாலே பாத், பூரண் போளி, ஸ்ரீகண்ட். கிண்ணம் காலியாக விடமாட்டேன் என்று சபதம் போட்ட மாதிரி ஒருத்தர் பின்னாலேயே நிற்கிறார். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவங்க எழுந்திருக்கும்போது மணி ரெண்டரை :-)

ரெண்டாவது போளியில் நெய் ஊத்தும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, நம்ம யாரு எவருன்னு ஒருத்தரும் கேக்கலையே?"

எனக்குப் போளி தொண்டையில் நின்றது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்க கிராமத்து டீக்கடையில் அப்பாவுக்குச் சின்ன வயசில் பெஞ்சு கிடையாது. வாசலில் குத்துக்காலிட்டுக் குடிக்கணும். தனி கிளாஸ். குடித்ததும் கழுவி, பழைய இடத்தில் கவுத்து வைக்கணும்.

அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

1890 அக்டோபர். பூனா குருவார் பேட்டையில் பஞ்ச் ஹவுத் என்கிற கிறிஸ்தவ மிஷன். அங்கே ஒரு கூட்டத்துக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் போனார்கள். சீர்திருத்தவாதி நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே ஒரு பக்கம், அவருக்கு எதிர் முகாமில் இருந்த பால கங்காதர திலகர் இன்னொரு பக்கம். கூட்டம் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் வந்தது. சிலர் குடித்தார்கள், சிலர் மரியாதைக்குக் கோப்பையை வாங்கி அப்படியே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் மேட்டர்.

ஆனால் கூட இருந்த கோபால்ராவ் ஜோஷி (அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்த ஆனந்திபாயின் கணவர்) சும்மா இருக்கவில்லை. வந்தவர்களின் பெயர்கள் 'பூனா வைபவ்' பத்திரிகையில் வெளியாகிவிட்டன. மிஷனரி கையால் டீயா என்று ஊரே கொந்தளித்தது. வழக்கு சங்கராச்சாரியார் வரை போனது. விசாரிக்க ஆட்களும் வந்தார்கள். வீட்டு விசேஷத்துக்குப் புரோகிதர் கிடைப்பதே கஷ்டமானது. காசியில் ஏற்கெனவே பிராயச்சித்தம் செய்துவிட்டேன் என்றார் திலகர். ரானடே 1892-இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். இதற்காக அவருடைய சீர்திருத்த நண்பர்களே அவரைக் குறை சொன்னார்கள். மனைவி ரமாபாய் பின்னாளில் மராத்தியில் எழுதிய நினைவுகளில் இந்தச் சம்பவமும் வருகிறது.

படிப்பு, பதவி, பேர் எல்லாம் இருந்தும் ஒரு கப் டீக்கு இவ்வளவு பயம். இதற்கு 22 வருஷம் முன்னாலேயே, 1868-இல், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஜோதிராவ் பூலே தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். டீ கலாட்டா நடந்த அடுத்த மாதம், 1890 நவம்பரில், அவர் காலமானார். அவர் திறந்துவிட்ட தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எந்தப் பிராயச்சித்தமும் உதவியிருக்காது. அவர்கள் மேல் ஒட்டவைத்த தீட்டு, கழுவிப் போகிற வகை இல்லையே.

நம்ம ஊர் மட்டும் என்ன ஒழுங்கா? தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. அது ஒழிந்தது 1941-இல்தான். ஹோட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் 1950-இல் வந்த அரசியல் சட்டம் 15-வது பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடை, ஹோட்டல், உணவு விடுதி எதிலும் சாதி, மதம் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது. கிணறு, குளம் பற்றியும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டம் படிக்கும்போது ஹோட்டலுக்கெல்லாம் எதுக்கு ஒரு வரி என்று நினைப்போம். அப்பாவைக் கேட்டால் தெரியும்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுத்தி வளைத்துக் கேட்ட கதை என்னிடமே ரெண்டு மூணு இருக்கிறது. நல்ல சட்டையும் பில் கட்டக் காசும் இருந்தால் ஹோட்டலில் கேட்கமாட்டார்கள். காசில்லாதவர் அந்தக் கதவுக்குள் வருவதே இல்லை, அது வேற கணக்கு.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா எழுந்தார். பழக்கதோஷம், கையில் தட்டும் கிளாஸும். கழுவப் போகிறாராம்! பரிமாறின பையன் ஓடி வந்து, "காகா, ராஹூ த்யா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். இருக்கட்டும் பெரியப்பா, விடுங்க என்று அர்த்தம். அப்பாவுக்கு மராத்தி தெரியாது, ஆனால் புரிந்தது. திரும்ப உட்கார்ந்து, இன்னொரு டம்ளர் மோர் கேட்டு, நிதானமாகக் குடித்தார்.

பில்லை அவர் கண்ணில் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த மோர் ஜீரணமாகியிருக்காது :-)

வண்டியில் ஏறும்போது சொன்னார்: "அடுத்த தடவை உங்கம்மாவையும் கூட்டிட்டு வரணும்டா. அவளுக்கும் யாராவது உக்கார வச்சுப் பரிமாறட்டும்."