இட்லி மாவும் எங்கள் கடைப் பின்கட்டும்



பதிவு கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து, சின்னதாக ஒரு டிபன் கடை போட்டிருக்கிறான். மூன்று மாதம் ஆகிறது. "சார், காலையில இட்லி பூ மாதிரி வருது. சாயங்காலம் அதே மாவு புளிச்சுப் போய், கல்லு மாதிரி ஆயிடுது. சாயங்கால வியாபாரமே போச்சு. நீங்க ஓட்டல்காரர் வீட்டுப் பிள்ளைதானே, சொல்லுங்க சார்" என்றான். முப்பது வருடம் வரலாறு நடத்தியவனிடம் ஒருத்தன் முதல் முறையாக ஒரு பயனுள்ள சந்தேகம் கேட்கிறான் என்று எனக்குள் சிரிப்பு.

அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அவன் இன்னொன்றும் சொன்னான். அதற்குப் பிறகு வருகிறேன். இதையெல்லாம் எழுதிப் போடச் சொன்னதும் அவன்தான்.

முதலில் மாவு. எத்தனைக்கு எத்தனை போடுகிறாய் என்று கேட்டேன். அரிசி ஐந்து, உளுந்து ஒன்று என்றான். உளுந்து விலை அப்படி. அங்கேயே பாதி தப்பு. எங்கள் கடையில் நாலுக்கு ஒன்று, அதுவும் புது உளுந்தாக இருந்தால். பழைய உளுந்து என்றால் அப்பா ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடச் சொல்வார். அரிசி வெறும் எடைதான். மாவைத் தூக்கி நிறுத்துவது உளுந்தின் பசை. அந்தப் பசைக்குள்தான் காற்று தங்குகிறது. மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகளும் பெரும்பாலும் அந்த உளுந்தோடு வருபவைதான். லியூகோநாஸ்டாக் என்று பேர் வைத்திருக்கிறார்கள். உளுந்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு சோடா உப்பைத் தேடினால் இட்லி உப்பும், ஆறியதும் அமுங்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இட்லியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு கன்னடத்தில், கி.பி. 920 வாக்கில் எழுதப்பட்ட வட்டாராதனெ என்ற நூலில் வருகிறது. இட்டலிகெ என்று பேர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் காலத்து மானசோல்லாசத்திலும் உண்டு. அந்தக் காலத்து இட்லியில் அரிசியே கிடையாது. உளுந்து மட்டும்தான். அரிசி பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. விருந்தாளி இன்றைக்கு வீட்டையே பிடித்துக்கொண்டான்.

அடுத்து, எப்போது ஆட்டுகிறாய் என்று கேட்டேன். ராத்திரி ஏழு மணிக்கு ஒரே தடவையாகப் பன்னிரண்டு கிலோ ஆட்டி, ஒரே அண்டாவில் வைத்துவிடுகிறானாம். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மாவுக்கு வயது இருபத்திரண்டு மணி நேரம். திருப்பூர் வெயிலில் அது புளிக்காமல் என்ன செய்யும்? பெரிய அண்டாவில் நடுமாவின் சூடு வெளியே போகாது, அங்கேதான் முதலில் புளிக்கும். எங்கள் கடையில் ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டு. சாயங்காலம் ஆட்டுவது காலைக்கு, விடிந்ததும் ஆட்டுவது மாலைக்கு. அதுவும் நாலைந்து சின்னப் பாத்திரங்களில், பாதிக்கு மேல் நிரப்பாமல். பொங்கிய மாவைக் கரண்டி விட்டுக் கலக்கக் கூடாது; ஓரத்திலிருந்து அள்ள வேண்டும். கலக்கினால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த காற்று ஒரு நிமிடத்தில் போய்விடும்.

அப்போதெல்லாம் ஆட்டியது யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிறந்தது 1954-இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அப்பா உடுமலைப்பேட்டையில் கடை போட்டார். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஓர் உடுப்பி ஓட்டலில் டம்ளர் கழுவப் போய், சரக்கு மாஸ்டர் வரை வந்தவர். எங்கள் கடைப் பின்கட்டில் இடுப்பளவு அகலத்தில் இரண்டு ஆட்டுக்கல். மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு அக்காமார் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை குழவி சுற்றும். உளுந்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊற விட மாட்டார்கள். தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்டுவார்கள், ஊற்ற மாட்டார்கள். ஒரு சொட்டு மாவைச் சொம்புத் தண்ணீரில் போட்டு, அது மிதந்தால்தான் வழிப்பார்கள். அரிசியை மட்டும் குறுணை பதத்தில் நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு எல்லோரும் அரிசியை வெண்ணெய் மாதிரி அரைத்துவிட்டு இட்லி ஒட்டுகிறது என்கிறார்கள். கையால் சுற்றும் கல் சூடேறாது. இயந்திரம் சூடேறும். அதனால்தான் இவனிடம் குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஆட்டு என்றேன்.

அந்த அக்காமாரின் உள்ளங்கைகளை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். குழவி மாதிரியே இருக்கும்.

அரிசி என்றதும் 1965 ஞாபகம் வருகிறது. எனக்குப் பதினொரு வயது. அரிசித் தட்டுப்பாடு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னார். ஓட்டல்களெல்லாம் திங்கள் மாலை மூடின. எங்கள் கடையும் மூடியது. எனக்கு அது கொண்டாட்டம், அப்பாவோடு அமராவதி ஆற்றுக்குப் போகலாம். அப்பாவுக்குக் கொண்டாட்டமில்லை. இரண்டு வருடம் கழித்து நடந்த தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதே பேச்சு. 1967-இல் அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். அதைப் பாடமாக நடத்தியபோது எந்த வகுப்பிலும் ஒருவரும் தூங்கியதில்லை.

தட்டுப்பாட்டில் அப்பா மாவில் தண்ணீர் விடவில்லை. இட்லியைச் சிறிதாக்கினார், அதைப் பலகையில் எழுதியும் வைத்தார். மீதிக்கு ரவை உப்புமா, கோதுமை ரவைக் கிச்சடி. அதை அவர் கற்றது கோயம்புத்தூரில், உலகப் போர்க் காலத்தில். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஓட்டல்காரர்கள் ரவைக்குத் தாவினார்கள். பெங்களூர் எம்.டி.ஆர். ஓட்டலின் ரவா இட்லி அந்தப் பஞ்சத்தில் பிறந்தது என்று அவர்களே சொல்வார்கள். உப்புமாவைப் பார்த்து முகம் சுளிக்கும் என் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கட்டும்.

இனி அவன் சொன்ன அந்த இன்னொரு விஷயம்.

உளுந்து, அரிசி, அண்டா எல்லாம் பேசி முடித்து, ஃபோனை வைக்கும் நேரத்தில் சொன்னான்: "சார், எங்க தாத்தா உங்க கடைக்கு வருவாருங்க. பின்னாடிதான் நிப்பாராம். அந்தக் காப்பி மாதிரி எங்கேயும் குடிச்சதில்லைன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

உறவினர்களில் சிலருக்கு நான் இதை எழுதுவது பிடிக்காது. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளலாம். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். எங்கள் கடைப் பின்கட்டுச் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் ஆறு கண்ணாடி டம்ளர்கள். தோட்ட வேலைக்கும், சந்தைக்கு மாடு ஓட்டியும் வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் கடைக்குள் வர மாட்டார்கள். சந்து வழியாகப் பின்பக்கம் வருவார்கள். பலகையிலிருந்து டம்ளரை அவர்களே எடுக்க வேண்டும், நாங்கள் மேலிருந்து ஊற்ற வேண்டும். குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இட்லி என்றால் பொட்டலம்தான், இலை கிடையாது. காசு மட்டும் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே காசு.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு பின்பக்கம் ஊற்றுவது என் வேலை. ஒரு நாள் பலகையில் டம்ளர் காலியில்லை. முன்பக்கத்திலிருந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்து வந்து ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. பயந்துபோய் என் முகத்தையும் கல்லாப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அடிக்கவில்லை. ராத்திரி கணக்கு முடித்த பிறகு, "வியாபாரம் நின்னு போயிடும் கண்ணு" என்றார், அவ்வளவுதான். அவர் அதை நம்பினாரா, முன்பக்கத்து வாடிக்கைக்காரர்களுக்குப் பயந்தாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் பின்பக்கம் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தென்னிந்திய ரயில்வே நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று இருந்த ஏற்பாடு 1941-லேயே போய்விட்டது. 1950-இல் வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், ஓட்டல் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. 1957-இல் ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி திருவல்லிக்கேணியில் பெரியார் மறியல் நடத்தினார். அந்தச் செய்தியை எங்கள் கடையில் பத்திரிகை வாங்கிச் சத்தமாகப் படித்து, "சரியான காரியம்" என்று சொன்னார்களாம். படித்தவர்கள் முன்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். பின்கட்டுப் பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் பலகை எப்படிப் போயிற்று தெரியுமா? போராட்டத்தாலும் இல்லை, சட்டத்தாலும் இல்லை, என் அப்பாவின் மனமாற்றத்தாலும் இல்லை. 1971-இல் கிரைண்டர் வந்தது. 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு கோவையில் பஞ்சாலையும் மோட்டார்ப் பட்டறையும் பெருகின. அந்தப் பட்டறைக்காரர்கள் கையில்தான் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டும் யோசனை உருப்பெற்றது. ஊத்துக்குளிக் கல், கோவை மோட்டார். எங்கள் கடைக்கு வந்தது ஆள் உயரம் இருக்கும். அதை வைக்கப் பின்கட்டில் மின்கம்பி வந்த அந்தச் சுவர் ஓரம்தான் தோதாக இருந்தது. மிஸ்திரி வந்து பலகையைப் பெயர்த்தார். அதே சமயம் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் வாங்கியாயிற்று. பின்பக்கம் நிற்க இடமில்லாமல் போனது. சில வாரம் அவர்கள் வரவே இல்லை. பிறகு ஒருவர் இருவராக முன்வாசல் வழியே வந்தார்கள், ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

ஆட்டுக்கல் அக்காமாரில் ஒருவரை அப்பா சட்னி அரைக்க வைத்துக்கொண்டார். இன்னொருவரை நிறுத்திவிட்டார். அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நான் ஆசிரியரானேன். 17-ஆம் பிரிவை எத்தனை வகுப்பில் நடத்தியிருப்பேன்! மதிப்பெண்ணுக்கு வரும் கேள்வி என்று அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடையைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து அடிக்கோடு போட்ட அந்தப் பையனுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும்.

ஃபோனில் நான், "தெரியும்ப்பா. உங்க தாத்தாவுக்கு நானே ஊத்தியிருப்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அவன், "சார், உளுந்து எத்தனை நிமிஷம் ஆட்டணும்னு சொல்லலையே" என்றான்.

முப்பது முப்பத்தைந்து நிமிடம். கடிகாரத்தை நம்பாதே, சொம்புத் தண்ணீரை நம்பு. உப்பு, சித்திரை வைகாசியில் ஆட்டியவுடன். மார்கழியில் பொங்கிய பிறகு. வெந்தயம் இட்லிக்குக் கொஞ்சம் போதும். தோசைக்கு வேண்டுமானால் தனியாகக் கூட்டிக்கொள். தேங்காய்ச் சட்னியை ஒரேயடியாக அரைக்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவு அரை. சாம்பாரில் புளியும் காயும் நன்றாகக் கொதித்த பிறகு பருப்பை விடு. பெருங்காயமும் கொத்தமல்லியும் இறக்கும்போது. கல்லாவிலேயே உட்கார்ந்திருக்காதே. எச்சில் இலையைப் போய்ப் பார். எதை மிச்சம் வைக்கிறார்கள் என்று எங்கள் அப்பா தினமும் பார்ப்பார்; அவருக்கு அதுதான் கணக்கு நோட்டு.

நேற்று அழைத்தான். இரண்டு ஆட்டாக மாற்றிவிட்டானாம், உளுந்தையும் நாலுக்கு ஒன்று ஆக்கிவிட்டான். சாயங்காலம் நாற்பது தட்டு போயிருக்கிறது. நகையை மீட்க இன்னும் நாளாகும். ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வரச் சொல்லியிருக்கிறான், உடுமலையிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறேன். திருப்பூர் பக்கம் நல்ல முழு உளுந்து மொத்த விலையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவனுக்குச் சொல்ல வேண்டும்.